காரணம் என்ற கட்டம்

போஸ்னானில் ஜனவரி.
தெருவில் பனி;
பனி என்று சொல்லிக்கொள்ளக் கூசும் சாம்பல் சேறு.
டாக்டர் ஸரெம்பா என் வலது கட்டைவிரலை
முற்றலா பிஞ்சா என்று வெள்ளரி பார்ப்பதுபோல்
அழுத்திக்கொண்டே வந்தார்.
"இங்கே?"
இல்லை.
"இங்கே?"
கத்தினேன். அதுவே பதில்.

பெயர் பொக்னா கிரெலா.
வயது நாற்பத்தொன்பது.
வேலை, டிராம் ஓட்டுவது.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
அவர் என்னைக் கேட்கவே இல்லை.
வீட்டு வேலை என்று எழுதிவிட்டார்.

அடியுங்கள், என்றேன்.
"எதை?"
வீட்டு வேலையை.
என் வீட்டை ஒருமுறை பார்த்தவர்கள்
அப்படியொரு பொய்யை எழுத மாட்டார்கள்.
நாரையோடு சண்டை என்று போடுங்கள்.

பேனா நின்றது.

உப்பு ராஜ்ஜியத்தின் கடைசி வாசலில்
ஒரு குருட்டு நாரை நிற்கிறது, டாக்டர்.
மூன்று மாடி உயரம்.
கண் கிடையாது, காலடியைக் கேட்டுக் கொத்தும்.
ஓடினால் செத்தோம்.
நின்றால் அலை மூடிவிடும்.
அலையின் இரைச்சலுக்குள் காலடியை ஒளித்து
இடப்பக்கம் உருள வேண்டும்.
உருளும் பொத்தான்
இதோ, நீங்கள் அழுத்தினீர்களே, இந்த விரலுக்கு.
நூற்றுப் பன்னிரண்டு முறை செத்தேன்.
நவம்பரில் மட்டும் நாற்பது.

"வீடியோ கேமா?
பிள்ளைகளுடையதா?"
பிள்ளைகள் இல்லை.
பெட்டி என்னுடையது, தவணையும் நான் கட்டியது.

"விளையாட்டாகச் சொல்லவில்லையே?"
விளையாட்டைத்தான் சொல்கிறேன்.

என் தங்கை புருஷன் லெஸ்லாவ்
உறைந்த ஏரியில் துளை போட்டு
பதினோரு மணி நேரம் கொக்காகக் குந்தியிருப்பான்.
விரல் நீளத்தில் இரண்டு மீன்.
அதைப் படமெடுத்துச் சட்டம் போட்டு
சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார்கள்.
நாரை விழுந்த ராத்திரி
தங்கையைப் போனில் எழுப்பிச் சொன்னேன்.
"ஏழு கழுதை வயசாகிறது உனக்கு" என்றாள்.
ஆமாம்.
ஏழு கழுதையும் சேர்ந்துதான் உருண்டோம்.

பகலெல்லாம்
நாற்பது டன் இரும்பை ஊருக்குள் நடத்துகிறேன்.
மணி அடித்தால் பிஷப்பும் ஒதுங்குவார்.
ஆனால் எட்டாம் தடம்
எட்டாம் தடத்தில்தான் போகும்.
இருபத்திரண்டு வருஷமாக
ஒருநாளும் இடப்பக்கம் உருண்டதில்லை.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லவில்லை.
இன்னொன்றையும் சொல்லவில்லை.
அன்று என்னோடு ஒருவன் இருந்தான்.
கீட்டோவில் மருந்துக்கடை,
கேமில் பெயர் சோளப்பொரி,
நிஜப் பெயர் நான் கேட்டதில்லை.
ஆள் வந்திருக்கு, இரு
என்று எழுதிவிட்டு இருமல் மருந்து விற்கப் போவான்.
அவன் திரும்பும்வரை
நாரையை என் பின்னால் இழுத்துக்கொண்டு
தன்னந்தனியாகக் கரையெல்லாம் திரிவேன்.
அது கடைசியில் மடங்கி விழுந்தபோது
இரண்டு பேருக்கும் எழுத ஒன்றும் வரவில்லை.
அவன் ஆள் உப்பின்மேல் உட்கார்ந்தான்.
என் ஆளும்.
உள்ளே சூரியன் வந்தது.
அங்கே இரவு ஒன்பது, இங்கே மூன்று.
நாலரைக்கு எனக்கு ஷிஃப்ட்.

டாக்டர் வீட்டு வேலையின்மேல் கோடு போட்டார்.
அதற்குமேல் பொடி எழுத்தில்
விளையாட்டுக் காயம்.
மூன்று வாரம் அசைக்கக் கூடாது என்று
விரலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்.
வாசல்வரை வந்து ஏதோ கேட்க வாயெடுத்தார்,
பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு என் டிராமிலேயே,
பயணியாக.
கிராட்ஸ்யான் ஓட்டினான், வளைவில் வழக்கம்போல் அவசரம்.
பையில் லீக் தண்டு நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி
நகர்ந்து இடம் கொடுத்தாள்.
"பனியில் வழுக்கிட்டியா?"
இல்லை, ஒரு நாரை.

அவள் கட்டைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
இரண்டு நிறுத்தம் கழிந்தது.
"செத்ததா?"

செத்தது.

"நல்லது" என்று
பையை மடியில் ஏற்றிக்கொண்டாள்.